அடிப் பெயிண்டு முதலாளி செலவு. டீசல் யார் செலவு?

ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கும் பத்திரிகையில் படகுக்கு அடிக்கும் பெயிண்டைப் பற்றி எழுதுவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஆலையிலே பஞ்சு மட்டமாக இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. அறுந்த நூலைப் பிணைக்க ஓடுகிறவன் தொழிலாளி. மட்டப் பஞ்சு வாங்கியதில் கிடைத்த மிச்சம் முதலாளிக்கு. இந்தக் கணக்கை ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே கணக்குக் கடலிலும் நடக்கிறது. தண்ணீருக்கு அடியில் நடப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நம் கடற்கரையில் விசைப்படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான் கூலி. மீன் ஏலம் போனதும் அந்தப் பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் ஆகிய செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிஞ்சியதைத்தான் படகு உடைமையாளருக்கு இவ்வளவு, தொழிலாளிகளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். விகிதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். ஆனால் டீசலை முதலில் கழிப்பது பெரும்பாலும் எங்கும் உள்ள வழக்கம். படகைப் பழுது பார்ப்பதும் பெயிண்டு அடிப்பதும் உடைமையாளர் செலவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சூது எங்கே இருக்கிறது?

மர ஓடம் ஒன்றைக் கடல் தண்ணீரில் சும்மா நிறுத்தி வையுங்கள். சில நாளிலேயே அடியில் வழவழவென்று ஒரு பிசுக்கு படியும். அதன்மேல் பாசி பிடிக்கும். பாசியோடு கொட்டலசு வரும், சிப்பி வரும். கொட்டலசின் குஞ்சு தண்ணீரில் மிதந்து வந்து பலகையில் தலையை ஒட்டிக்கொண்டு, சிமெண்டு போலப் பிடித்துவிடும் ஒரு பசையைச் சுரக்கிறது. அப்புறம் உயிரோடு அதை யாரும் பிரிக்க முடியாது, உளி வேண்டும். நம்முடையதைப் போன்ற வெப்பக் கடலில் இதெல்லாம் குளிர் நாட்டுக் கடலைவிட வெகு வேகமாக வளரும். மழமழவென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய படகு, கருக்கல் பாறையைக் கட்டி இழுப்பதுபோல் ஆகிவிடுகிறது. எஞ்சின் அதே முறுக்கில் ஓடும், படகு நகராது, டீசல் மட்டும் போகும்.

எவ்வளவு போகும்? சிறிய மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1999-ல் ஒரு நூல் வெளியிட்டது. அடிப் பெயிண்டு இல்லாத படகில் ஒரு மாதத்தில் 7 சதவிகிதம் வரையும், ஆறு மாதத்தில் 44 சதவிகிதம் வரையும் டீசல் கூடுதலாகச் செலவாகலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நடைக்கு 50,000 ரூபாய் டீசல் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான பெயிண்டு அடித்த படகு 20 சதவிகிதம் கூடுதலாகக் குடித்தால் 10,000 ரூபாய் போச்சு. பங்கு பாதிக்குப் பாதி என்றால் அந்தப் பத்தாயிரத்தில் ஐயாயிரம், படகிலே வலை இழுக்கிற ஏழெட்டுப் பேரின் வயிற்றிலிருந்து போகிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ரசீதும் கிடையாது. டீசல் விலை ஏறிவிட்டது, மீன் படவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

உடைமையாளருக்கும் பாதி நஷ்டம்தானே, அவர் ஏன் மட்டமான பெயிண்டு அடிக்கிறார் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உயர்ந்த பெயிண்டுக்காக அவர் கூடுதலாகப் போடும் ஒரு ரூபாய் முழுதும் அவர் ரூபாய். அந்த ஒரு ரூபாயால் டீசலில் மிச்சமாகும் பணத்திலோ பாதி பிறருக்குப் போய்விடுகிறது. ஆகவே இரண்டு ரூபாய்க்கு மேல் மிச்சமானால்தான் அவருக்குக் கட்டும். ஒன்றே முக்கால் ரூபாய் மிச்சமாகும் பெயிண்டு நாட்டுக்கு லாபம், தொழிலாளிக்கு லாபம், கடலுக்கும் லாபம். ஆனால் அதை அவர் வாங்கமாட்டார். இதிலே அவருடைய குணம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. பங்கு முறையே அப்படி அமைந்திருக்கிறது.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லிவிடுவது அவசியம். ஒரே ஒரு படகை வைத்துக்கொண்டு, தானும் அதிலேறிக் கடலுக்குப் போய், கழுத்துவரை கடனில் நிற்கிற உடைமையாளரும் இருக்கிறார். ஐந்தாறு படகை விட்டுவிட்டுக் கரையில் கணக்குப் பார்க்கிறவரும் இருக்கிறார். இருவரும் ஒன்றல்ல. முன்னவருக்குக் கடன் கொடுத்த தரகர் பிடிபட்ட மீன் முழுவதற்கும் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். டீசல் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன, அவர் பங்கில் குறைவதில்லை. அப்படிக் கடன்பட்ட மனிதர் பெயிண்டுக் கடையில் போய் நின்றால் டப்பாவின் விலையைத்தான் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வசதி ஏது? அவரை நாம் எதிரியாக நினைக்கவில்லை.

உள்ளிருந்து தின்னும் புழு

கொட்டலசு வெளியே ஒட்டுவதால் கண்ணுக்காவது தெரியும். மரத்துக்கு இன்னொரு எமன் உண்டு. கப்பல் புழு என்று அதற்குப் பெயர். உண்மையில் அது புழுவே அல்ல. சங்கு, சிப்பி இனத்தைச் சேர்ந்த பிராணி. குஞ்சாக இருக்கும்போது குண்டூசி முனையளவு துளை போட்டு உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் பலகைக்குள்ளேயே அரைத்துத் தின்று நீளமாக வளர்கிறது. வாசல் மட்டும் அதே குண்டூசித் துளைதான். வெளியே பார்த்தால் பலகை முழுசாக இருக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே சல்லடை. ஹாலந்து நாட்டில் 1731-ல் கடலைத் தடுத்து நின்ற அணைகளின் மரக்காலெல்லாம் இந்தப் பிராணியால் அரிக்கப்பட்டிருந்தது தெரிந்து ஒரு தேசமே கலங்கிப்போயிற்று. நம் ஊரில் அது நாட்டுச் செய்தியாவதில்லை. ஒரு படகின் அடிப்பலகை நடுக்கடலில் வாய் பிளந்தால் ஆறேழு குடும்பங்களுக்கு மட்டும் செய்தி.

நம் முன்னோர்கள் இதற்கு என்ன செய்தார்கள்? கட்டுமரத்துக்கு அவர்கள் எந்தப் பெயிண்டும் அடிக்கவில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட்டார்கள். வெயிலில் கொட்டலசும் சாகும், புழுவும் சாகும். இதைவிட மலிவான, இதைவிடச் சுத்தமான மருந்தை எந்தக் கம்பெனியும் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசினார்கள். பெரிய தோணிகளின் அடியில் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசும் வழக்கம் அரபிக்கடல், இந்துமாக்கடல் கரைகளிலெல்லாம் இருந்தது. அது வெகு நாள் தாங்காது. அடிக்கடி கரையேற்றிச் சுரண்டிப் பூச வேண்டும். கூலிக்கு ஆள் மலிவு என்பதால் காரியம் நடந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று நாம் பாடப்போவதில்லை.

மாறியது எப்போது? 1953-ல் நார்வே நாட்டு உதவியோடு கொல்லம் பக்கத்தில் தொடங்கிய திட்டத்தை ஒட்டி எஞ்சின் வைத்த படகுகள் பெருகின. பிறகு இறால் ஏற்றுமதி வந்தது. இழுவலைப் படகுகள் நம் கரையிலும் நூற்றுக்கணக்கில் வந்தன. இவற்றைத் தினம் தினம் மணலில் இழுத்துப் போட முடியுமா? துறைமுகத்துக்குள் தண்ணீரிலேயே கிடக்கின்றன. கட்டுமரத்தைக் காப்பாற்றிய வெயில் இவற்றின் அடியைத் தொடுவதே இல்லை. அன்றிலிருந்துதான் பெயிண்டு கம்பெனிக்கு நம் கடற்கரை சந்தையாயிற்று. இன்று இரும்புப் படகும் கண்ணாடியிழைப் படகும் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனால் மரப் படகு இன்னும் ஒழிந்துவிடவில்லை. பழைய மரப் படகுகள்தான் பெரும்பாலும் சிறியவர் கையில் இருக்கின்றன.

செம்பு எப்படி வேலை செய்கிறது?

செம்புப் பாத்திரத்தில் புளிக்கரைசலை வைத்தால் களிம்பு ஏறும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த சங்கதி. அதற்காகத்தான் ஈயம் பூசுகிறோம். அந்தக் களிம்புதான் கடலில் மருந்து. செம்பு கொஞ்சங் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, ஒட்டவரும் குஞ்சுகளைக் கொல்கிறது அல்லது விரட்டுகிறது. பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடி முழுவதும் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. 1763-ல் அதைக் கரையேற்றிப் பரிசோதித்தார்கள். புழு நுழையவில்லை, பாசி பிடிக்கவில்லை. ஆனால் தகட்டைத் தைத்திருந்த இரும்பாணிகள் கரைந்து கூழாகிவிட்டிருந்தன. செம்பும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் மின்சார பேட்டரிபோல் ஆகி இரும்பு கரைந்துவிடும். தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக எங்கே இடையில் தங்கியதோ, அங்கே மட்டும் இரும்பு கெடாமல் இருந்தது!

1824-ல் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி வந்தார். கப்பலடியில் செம்புத் தகடு கரைந்து வீணாகிறதே என்று, அதனோடு இரும்புத் துண்டுகளைச் சேர்த்துவைத்து செம்பு கரையாமல் தடுத்தார். செம்பு கரைவது நின்றது. உடனே கொட்டலசும் பாசியும் ஒட்ட ஆரம்பித்துவிட்டன. கரையாத செம்புக்கு விஷம் இல்லை. இந்த இரண்டு சம்பவங்களிலும் உள்ள பாடம் இன்று மரப்படகுக்குப் பெயிண்டு தேர்ந்தெடுக்கிறவருக்கு அப்படியே பொருந்தும்.

இன்று கடையில் கிடைக்கும் நல்ல அடிப் பெயிண்டுகளில் முக்கிய மருந்து செம்பு ஆக்சைடு என்ற செந்நிறத் தூள்தான். துறைமுகத்தில் காப்பர் பெயிண்டு என்று சொல்வது இதைத்தான். டப்பாவில் அது எவ்வளவு இருக்கிறது என்பது முதல் கேள்வி. அது எதில் குழைக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. கடைக்காரர் இரண்டையும் சொல்லமாட்டார். நிறம் அழகாக இருக்கிறது என்பார்.

குழைக்கும் பொருளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பைன் மரப் பிசினில் குழைத்த மெதுப் பெயிண்டு. அது தானும் சிறிது சிறிதாகத் தேய்ந்து புது மருந்தை வெளியே காட்டிக்கொண்டே வரும். மற்றொன்று கெட்டிப் பெயிண்டு. அதன் தோல் கல்போல் நிற்க, உள்ளிருந்து மருந்து மட்டும் கசியும். கெட்டியானதே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மரப்படகுக்கு அது பெரும்பாலும் தப்பு. மரம் தண்ணீரில் ஊறி உப்பும். கரையில் காய்ந்து சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கலப்பத்து அடைத்த இடுக்குகள் ஒவ்வொரு முறையும் விரிந்து மூடும். கல்போன்ற தோல் அந்த இடத்தில்தான் வெடிக்கும். வெடித்த இடம் கப்பல் புழுவுக்கு வாசல். மேலும் ஆண்டுக்காண்டு கெட்டிப் பெயிண்டின்மேல் கெட்டிப் பெயிண்டு அடித்தால் தடித்த ஓடாகிவிடும். கடைசியில் அதைச் சுரண்டி எடுக்கிற தொழிலாளியின் முதுகுதான் ஒடியும். மணிக்கு ஏழெட்டு மைல் போகிற இழுவைப் படகுக்கு மெதுப் பெயிண்டே போதும், விலையும் குறைவு. தினம் மணலில் இழுத்துப் போடுகிற சிறு வள்ளத்துக்கோ விஷப் பெயிண்டே வேண்டாம். மணல் அதைத் தேய்த்துவிடும், வெயில் அதன் வேலையைச் செய்துவிடும். அதற்கும் ஒரு டப்பா தலையில் கட்டுகிற வியாபாரி திருடன்.

அடியில் அலுமினியத் தகடு அடித்த படகுக்கு மட்டும் செம்புப் பெயிண்டு கூடவே கூடாது. 'அலாரம்' கப்பலின் ஆணிக்கு நேர்ந்த கதி அந்தத் தகட்டுக்கு நேரும், துளைதுளையாகப் போகும்.

இனி, பெயிண்டு நல்லதாகவே இருந்தும் அது வீணாகும் விதத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. படகெல்லாம் அப்போதுதான் கரையேறும். காண்டிராக்டர் ஏப்ரல் கடைசியிலேயே ஆளை விட்டு அடித்து முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். பிறகு ஒன்றரை மாதம் அந்தப் பெயிண்டு அக்கினி நட்சத்திர வெயிலில் நிற்கிறது. பிசினில் குழைத்த பெயிண்டு அத்தனை நாள் காற்றில் நின்றால் மேல்தோல் செத்துப்போகிறது, மருந்து கசிவதில்லை. கடைசிப் பூச்சை எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில். ஆகவே சுரண்டும் வேலையைப் படகு ஏறிய அன்றே, ஈரம் காயுமுன் செய்ய வேண்டும். காய்ந்தால் கொட்டலசு கல்லாகிவிடும். பிறகு மரத்தைக் காயவிட்டு, கலப்பத்து வேலையை முடித்து, கடைசிப் பூச்சை ஜூன் மாதத்தில், இறக்குவதற்குச் சில நாள் முன்புதான் அடிக்க வேண்டும். காண்டிராக்டருக்கு இது கட்டாது. அவருக்கு ஒரே நேரத்தில் பத்துப் படகு முடிய வேண்டும்.

இன்னொரு மோசம். செம்புத் தூள் கனமானது. டப்பாவின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். கூழை அடியிலிருந்து கலக்காமல் மேலாக மோந்தால் தண்ணீர்தான் வரும், இதுவும் அப்படியே. கலக்காமல் அடித்தால் பாதிப் படகுக்கு நிறம் மட்டும் கிடைக்கும், மருந்து கிடைக்காது. அதற்குமேல் கண்ணை மூடிக்கொண்டு தின்னரை ஊற்றி நீட்டுகிறவர்களும் உண்டு. ஏராக்கட்டையைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளின் அடியில் தூரிகை போவதில்லை. முட்டை மாற்றி வைத்து அந்த இடத்திலும் அடிக்காவிட்டால் புழு நேராக அங்கேதான் நுழையும். படகுக்கே முதுகெலும்பான மரத்தில்!

விஷத்தின் கதை

செம்பைவிடக் கடுமையான மருந்து ஒன்று 1960-களில் சந்தைக்கு வந்தது. வெள்ளீயத்திலிருந்து செய்த அதற்கு டி.பி.டி. என்று சுருக்கப் பெயர். அதைக் கலந்த பெயிண்டு அடித்தால் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஒட்டாது. கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். பிரான்ஸ் தேசத்தில் அர்காசோன் என்ற விரிகுடாவில் சிப்பி வளர்த்துப் பிழைக்கும் ஜனங்கள் ஏராளம். 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் தங்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடு கோணல் மாணலாகத் தடித்து, உள்ளே சதை இல்லை. படகுப் பெயிண்டிலிருந்து கரைந்த டி.பி.டி.தான் காரணம் என்று விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். 1982-ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அதைப் பிரெஞ்சு சர்க்கார் தடுத்தது. சில ஆண்டுகளில் சிப்பி மறுபடியும் பிழைத்தது. 1987-ல் பிரிட்டனும் தடுத்தது. ஒரு கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு என்ற அளவுக்கு எவ்வளவோ கீழே, கணக்கிலேயே வராத அளவில் கலந்தாலும், கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனமே அற்றுப்போவதைக் கண்டார்கள்.

ஆனால் பெரிய கப்பல் கம்பெனிகளின் கப்பல்களுக்கு? அவர்களுக்காக உலகம் பொறுமையாகக் காத்திருந்தது. 2001-ல்தான் சர்வதேச ஒப்பந்தம் எழுதப்பட்டது; 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. இந்தியா அதில் சேர்ந்தது 2015-ல். சைபுட்ரின் என்ற இன்னொரு பெயிண்டு விஷத்தை 2023 ஜனவரி முதல் அந்த ஒப்பந்தத்தில் தடுத்திருக்கிறார்கள். இதுவும் நல்லதே. எனினும் அந்த ஒப்பந்தத்தின்படி பரிசோதனையும் சான்றிதழும் 400 டன்னும் அதற்கு மேலும் உள்ள, வெளிநாடு போகிற கப்பல்களுக்குத்தான். நம் துறைமுகத்தின் மூலையிலுள்ள கடையில் பெயரில்லாத டப்பாவில் விற்கிற பெயிண்டுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிறார்?

மன்னார் வளைகுடாவிலே சங்கு எடுத்துப் பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். சங்கும் முத்துச்சிப்பியும் அர்காசோன் சிப்பியின் ஒன்றுவிட்ட உறவுகள்தாம். கப்பல் புழுவும் அதே இனம். புழுவைக் கொல்லும் மருந்து சங்கை மட்டும் விட்டுவைக்குமா? விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதிய கதையல்ல. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை ஆகாயத்திலிருந்து தெளித்தார்கள். அங்குள்ள குழந்தைகளின் கதியை நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது 2011-ல். பூச்சிக்கென்று விற்ற விஷம் பூச்சியோடு நின்றதா?

ஆகவே மருந்தே வேண்டாம் என்கிறோமா? இல்லை. மருந்தில்லாத மரப்படகு ஒரே பருவத்தில் அரித்துப்போகும். கூடுதல் டீசலும் எரியும். எரிந்த டீசலும் காற்றுக்கும் கடலுக்கும் விஷந்தான். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, இன்னதென்று தெரிந்த மருந்து என்கிறோம்.

சுரண்டுகிறவர்கள்

இந்தக் கதையில் யாரும் பேர் சொல்லாத ஒருவர் இருக்கிறார். தடைக்காலத்தில் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பழைய பெயிண்டை உளியாலும் உப்புத்தாளாலும் சுரண்டுகிற தினக்கூலி. அவர் முகத்தில் விழுவது செம்புத் தூள். அதற்கடியில் பழைய பூச்சுகளில் இருந்தால் டி.பி.டி.யும், செந்தூர ஈயமும் கூட. ஈயம் கலந்த பெயிண்டைக் கட்டுப்படுத்தி மத்திய சர்க்கார் 2016-ல் விதி செய்தது. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு. படகடியில் படுத்திருப்பவருக்கு அல்ல. பஞ்சுத் தூசியில் நுரையீரலைத் தொலைத்த ஆலைத் தொழிலாளிக்கு இவருடைய இருமலின் அர்த்தம் தெரியும். காய்ந்த பெயிண்டை உலர்வாகத் தேய்க்கக்கூடாது, தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். சுரண்டிய தூளைக் கூட்டி அள்ள வேண்டும், கடலில் தள்ளக்கூடாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்டின் விலையைத் தாண்டாது. ஆனாலும் கிழிந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் வேலை நடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? விஞ்ஞானம் இல்லாத நாடா இது? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. கடல் தண்ணீரில் உலோகமும் பூச்சும் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளைகள் அமைந்தன. கொச்சியில் 1957 முதல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. மரப்படகைப் புழுவிலிருந்து காப்பது அதன் பழைய வேலைகளில் ஒன்று. எல்லாம் ஜனங்களின் வரிப்பணம். அங்கே கண்டறிந்தது ஆங்கிலத்தில் அச்சாகி அலமாரியில் இருக்கிறது. துறைமுகத்தில் கடைக்காரன் சொல்வதுதான் வேதம். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சட்டம் இருக்கும்போது படகு பெயிண்டுக்கு மட்டும் ஏன் இல்லை? செம்பு எவ்வளவு, வேறு விஷம் என்ன, எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்று டப்பாவின்மேல் தமிழில் அச்சடிக்கக் கட்டாயப்படுத்த சர்க்காருக்கு எது தடை? மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பரிசோதித்த பெயிண்டை மொத்தமாக வாங்கி ஒற்றைப் படகுக்காரருக்குக் கடனாகக் கொடுத்தால், அவர் தரகரிடம் கையேந்த வேண்டியதில்லை. விசைப்படகுக்கு விற்பனை வரி நீக்கி டீசல் கொடுக்கிற மாநில சர்க்காருக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. சலுகை டீசலில் ஒரு பகுதியைக் கொட்டலசு குடித்துக்கொண்டிருக்கிறது.

சர்க்கார் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரே மரத்தில் சாண் அளவு பலகைத் துண்டுகள் நாலைந்தை அறுத்து, கடையில் கிடைக்கும் ஒவ்வொரு பெயிண்டையும் ஒவ்வொன்றில் அடித்து, ஒன்றை வெறுமனே விட்டு, கயிற்றில் கட்டித் துறைமுகத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாலாம் மாதம் எந்தக் கடைக்காரன் பொய் சொன்னான் என்று பலகையே சொல்லும். வெறும் பலகையைப் பிளந்தால் புழுவின் வேலையும் தெரியும். ஆராய்ச்சி நிலையங்களிலும் அடிப்படையில் இப்படித்தான் செய்கிறார்கள்.

பங்கு விஷயத்தில் நம் கருத்து இது. பெயிண்டுச் செலவையும் பொதுச் செலவில் கழிக்கலாம் என்று சில உடைமையாளர்கள் சொல்லக்கூடும். எந்தப் பெயிண்டு, யார் அடிப்பது, எப்போது அடிப்பது என்ற முடிவில் தொழிலாளிக்குச் சரிபாதிக் குரல் இல்லாமல் அதை ஏற்பது ஏமாளித்தனம். அதைவிட நேரான வழி இருக்கிறது. படகு புதுப் பூச்சோடு இறங்கியதும் துறைமுக வாயிலிலிருந்து தெரிந்த ஓர் அடையாளம்வரை போக எவ்வளவு நேரம், எவ்வளவு டீசல் என்று டிரைவரும் தொழிலாளிகளும் சேர்ந்து குறித்து வைக்கட்டும். பிறகு மாதம் ஒருமுறை, காற்றும் நீரோட்டமும் ஒத்த நாளில், அதே தூரத்தை அளக்கட்டும். கூடுதலாக எரிவதைப் படகின் கணக்கில் எழுத வேண்டும். தொழிலாளியின் பங்கிலிருந்து கழிக்கக்கூடாது. அப்படி எழுதத் தொடங்கினால் அடுத்த ஆண்டு மட்டப் பெயிண்டு தானே கடையில் தேங்கும்.

ஏப்ரல் 15-ல் படகுகள் கரையேறுகின்றன. பெயிண்டு பேரம் அதற்கு முன்பே, மார்ச்சிலேயே முடிந்துவிடும். கடல் தொழிலாளர் சங்கங்கள் பங்கு பற்றிப் பேச உடைமையாளரோடு உட்காரும் கூட்டத்தில் இந்த ஆண்டு பெயிண்டையும், சுரண்டுகிறவர்களின் கூலியையும் முகமூடியையும் பேச்சில் சேர்க்க வேண்டும். அந்தச் சுரண்டும் வேலைக்கு வருகிறவர்களில் வயலில் வேலை இல்லாத மாதங்களில் வரும் விவசாயத் தொழிலாளிகளும் இருந்தால், அவர்களுடைய சங்கத்துக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் வேண்டும்.